மிதக்கும் தகுதி

சாயப்பட்டறை நலச்சங்கம் ஒரு படகு வாங்கியே தீரவேண்டும் என்று கோர்ட் சொன்னது 2006-ஆம் வருஷம் ஆடி மாசம். திருப்பூரில் பனியனுக்குச் சாயம் போடுகிறவர்களுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று சங்கத்தார் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். சம்பந்தம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் கேட்டுக்கொண்டார்கள்.

சங்கத்தில் இருபத்திரண்டு பட்டறைகள். இருபத்திரண்டுக்கும் பொதுவாக ஒரு சுத்திகரிப்பு நிலையம். அந்த நிலையத்துக்கு ஒரு ஆய்வுக்கூடம். ஆய்வுக்கூடத்துக்கு ஒரே ஆள், அன்புசெல்வி. அவிநாசிக்காரி, எம்.எஸ்ஸி. வேதியியல், வயது இருபத்தேழு. மாசம் ஒரு தடவை ஊருக்குக் கிழக்கே இருக்கும் அணைக்குப் போய் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துவந்து, அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பது அவள் வேலை. சுத்திகரிப்பு நிலையம் உண்மையிலேயே சுத்திகரிக்கிறது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

எங்கே எடுக்கவேண்டும் என்று முதல் நாளே செயலாளர் தங்கவேலு கூட்டிப்போய்க் காட்டியிருந்தார். “இங்க எடுத்துக்க கண்ணு. இங்கதான் படி இருக்குது. வழுக்காது.” படி இருந்தது வாஸ்தவம். நல்ல தண்ணீர் வாய்க்கால் ஒன்று வந்து அணையில் சேருகிற இடமும் அதுதான் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை, கண்ணாலேயே தெரிந்தது. அணை முழுக்கத் தண்ணீர் காப்பி நிறத்தில் கிடக்க, அந்தப் படிக்கட்டில் மட்டும் அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். அன்புசெல்வி பாட்டிலில் இருந்ததை அப்படியே அளந்து அப்படியே எழுதினாள். மூன்று வருஷம் எழுதினாள். அவள் பொய் எழுதினாள் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது.

அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். “அந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மட்டும்தான் அணையில் தண்ணீர் இருக்கிறதா?” என்று நீதிபதி கேட்டார். இனிமேல் அணையின் நடுவில், மூன்று இடத்தில், மேல்மட்டத்திலும் அடிமட்டத்திலும் எடுக்கவேண்டும். முதல் தடவை கோர்ட் அனுப்பும் வக்கீல் கமிஷனர் கூட இருப்பார். படகுக்கு ஏற்பாடு சங்கத்தின் பொறுப்பு.

சாயத்தண்ணீர் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு காண சங்கம் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கமிட்டி போட்டிருந்தது. அது இன்னும் முதல் கூட்டத்துக்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்தது. படகுக் கமிட்டியோ அன்று சாயங்காலமே கூடிவிட்டது. தலைவர் வெள்ளியங்கிரி, செயலாளர் தங்கவேலு, தொழில்நுட்பத்துக்கு அன்புசெல்வி.

“புதுப் படகெல்லாம் எதுக்குங்க? ஓடின படகே போதும்” என்றார் தங்கவேலு.

“அதானுங்க. ஆனா எந்தப் படகுன்னு நம்மளா முடிவு பண்ணக் கூடாது. முறையா பண்ணோணும்” என்றார் வெள்ளியங்கிரி. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி. சாயம் போடுகிற தொழிலில் முப்பது வருஷம் இருந்தும் ஒரு பொட்டுக் கறை படாதவர். “ஏங்கண்ணு, மரம், இரும்பு, பைபருன்னு என்னென்னமோ சொல்றாங்க. நம்ம தண்ணிக்கு எது எப்படித் தாங்கும்னு நீதான் படிச்ச புள்ள, பாத்து எழுதிக் குடுக்கோணும். நீ எழுதறதுதான் முடிவு.”

மூன்று வருஷத்தில் அவளிடம் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது நின்றுகொண்டே போனதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

மறுநாளே வேலையை ஆரம்பித்தாள். படிக்கட்டுக்குப் போகாமல் மதகுப் பக்கம் போய், வாளியைக் கயிற்றில் இறக்கி அசல் அணைத்தண்ணீர் எடுத்துவந்து நாலு ஊறுகாய் பாட்டிலில் ஊற்றினாள். ஒன்றில் மரத்துண்டு. ஒன்றில் இரும்புத் தகடு. ஒன்றில், அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் கேட்டு வாங்கிய அலுமினியத் துண்டு. அதில் ஒரு இரும்புத் திருகாணி. படகில் ஆணி இல்லாமல் இருக்குமா? நாலாவதில், உடைந்துபோன கூலிங் டவரிலிருந்து அறுத்த பைபர் துண்டு. இருபத்தோரு நாள் ஜன்னலோரம் வைத்துத் தினமும் பார்த்தாள்.

மரம் இரண்டாவது வாரமே மயில்நீலத்துக்கு மாறியது. வெளிநாட்டுக்காரன் பார்த்திருந்தால் ஆர்டர் கொடுத்திருப்பான், அவ்வளவு சீரான சாயம். இரும்பு, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. அலுமினியத்தில் திருகாணியைச் சுற்றி அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக விழுந்து வெள்ளை மாவு பூத்தது. பைபர் துண்டை எடுத்துத் துடைத்தாள். போட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் கட்டம் போட்ட நோட்டில் எழுதிவைத்தாள். தலைவரோ செயலாளரோ ஆய்வுக்கூடத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஆவணி கடைசியில் நாகப்பட்டினத்துப் பக்கம் படகு பார்க்கக் கிளம்பினார்கள். கூடவே நிபுணர் ஒருத்தரும் வந்தார். நிலையத்தில் பம்ப் ஓட்டுகிற சகாயராஜ்.

“நீ கடல் பக்கத்து ஆளு, உனக்குத் தெரியாததா?” என்று கூப்பிட்டார் வெள்ளியங்கிரி.

“சார், எனக்குச் சங்கரன்கோயில் பக்கம். எங்க ஊருல கெணத்துலயே தண்ணி கெடையாது. நான் படகைப் படத்துலதான் பாத்திருக்கேன்.”

“சகாயராஜுன்னு பேரு வெச்சுட்டு இப்படிச் சொன்னா எப்படி? வண்டில ஏறு.”

கிறிஸ்தவன், தெற்கத்தியான். அப்புறம் மீனவனாக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? சகாயராஜ் ஏறினான். கரூர் தாண்டுவதற்குள் வயிற்றைப் புரட்டி, தஞ்சாவூரில் வாந்தி எடுத்து, கடற்கரையில் இறங்கியதும் ஒரு பூவரச மரத்தடியில் படுத்துவிட்டான். நிபுணரின் பங்களிப்பு அத்துடன் முடிந்தது.

தரகர் நாலு படகு காட்டினார். தலைவரும் செயலாளரும் முதல் இரண்டுவரை கூடவே நடந்து வந்தார்கள். ஒவ்வொரு ஆளிடமும் வெள்ளியங்கிரி ஒரே கேள்விதான் கேட்டார். “இது எத்தனை நாளைக்குத் தாங்குங்க?” விற்கிறவன் பத்து வருஷம் என்பான். வெள்ளியங்கிரியின் முகம் சுருங்கும். கெட்டிக்காரர், லேசில் ஏமாற மாட்டார் என்று அன்புசெல்வி நினைத்துக்கொண்டாள்.

முதலாவது மரப்படகு. பலகைகளுக்கு நடுவே பருத்தியைத் திணித்து மேலே பிசின் பூசியிருந்தது. அடிக்கட்டையோரம் ஸ்குரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தினாள். வெந்த சேனைக்கிழங்கில் போகிற மாதிரி உள்ளே போனது. அது போகாமல் இருந்திருந்தாலும் மரம் ஆகாது. மாசத்தில் ஒருநாள் தண்ணீரில், மீதி இருபத்தொன்பது நாள் நம்மூர் வெயிலில் என்றால் பலகை சுருங்கி இடுக்கெல்லாம் வாயைப் பிளந்துவிடும்.

இரண்டாவது இரும்பு. எங்கேயோ பூங்காவில் பெடல் போட்டு ஓடியது. பெயின்ட் ரொட்டி கனத்துக்கு இருந்தது. தகடு எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ள ஸ்பேனரால் மெதுவாகத் தட்டினாள். ஸ்பேனர் உள்ளே போய்விட்டது.

“காத்தோட்டத்துக்கு வெச்சதும்மா” என்றான் விற்கிறவன், கண்ணைச் சிமிட்டாமல்.

அதற்குள் தரகர் வீட்டில் வஞ்சிரம் வறுத்துவிட்டார்கள். தலைவரும் செயலாளரும் ஓலைப் பந்தலுக்கடியில் உட்கார்ந்துவிட்டார்கள். வெள்ளியங்கிரி ஊரில் சைவம். ஊர்தான் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்ததே. “நீ போய்ப் பாரு கண்ணு, நாங்க இங்கிருந்தே பாக்கறோம்” என்றார்.

மூன்றாவது பைபர். ஆகாச நீலத்தில் புதுப் பெயின்ட், மஞ்சள் பட்டை, பக்கவாட்டில் ஒரு சுறா. கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி நின்றது. அன்புசெல்வி ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். டங், டங், டங். நடுவயிற்றுக்கு வந்ததும் பொத், பொத். அங்கே கட்டைவிரலை வைத்து அழுத்தினால் அமுங்கி மேலே வந்தது. உள்ளே ஒட்டியிருந்த அடுக்குகள் விட்டுப்போய்த் தனித்தனியாக நிற்கின்றன. பின்னால் எஞ்சின் மாட்டுகிற பலகையிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றினாள். ஓட்டையிலிருந்து டீத்தண்ணி மாதிரி வழிந்தது. உள்ளே இருக்கிற மரம் ஊறி அழுகிவிட்டது.

“புழுக்கம்மா. அதுக்கு வேர்க்குது” என்றான் அந்த ஆள்.

நாலாவதும் பைபர்தான். ஆனால் பார்க்கச் சகிக்காது. பெயின்ட் போய்ச் சாம்பல் வெள்ளையில் கிடந்தது. மணலில் இழுத்து இழுத்து அடியெல்லாம் கீறல். இடப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒட்டு, கட்டுப்போட்ட காயம் மாதிரி. சொந்தக்காரர் நிழலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவர், அவள் ஒட்டைத் தடவுவதைப் பார்த்துவிட்டு, “மறைக்கல பாத்தியா, அது பாறையில இடிச்சது. நானே அறுத்தெடுத்துட்டுப் புதுசாப் போட்டேன். தட்டிப் பாரு” என்றார்.

முன்னாலிருந்து பின்வரை தட்டினாள். ஒரே சத்தம். ஒட்டிலும் அதே சத்தம். கீறல் ஆழமாக விழுந்த ஒரு இடத்தில் உள்ளே கண்ணாடி இழைத் துணி அடுக்கடுக்காகத் தெரிந்தது.

“இது எத்தனை அடுக்குங்க?”

“நானூத்தம்பது ஜிஎஸ்எம் மேட்டு, நாலு அடுக்கு. படகு கட்டுற கம்பெனிக்காரன் மூணுதான் போடுவான். இது நான் பக்கத்துல நின்னு போட வெச்சது.”

ஜிஎஸ்எம் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. திருப்பூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். படகுக்கும் அதே கணக்கா?

“இவ்வளவு நல்ல படகை எதுக்குங்க விக்கறீங்க?”

அவர் வலையில் ஒரு முடிச்சைப் போட்டு இறுக்கினார். “சுனாமிக்கப்புறம் ரெண்டு கம்பெனிக்காரங்க வந்து வீட்டுக்கு ரெண்டு படகு குடுத்தாங்க. படம் புடிச்சாங்க, போய்ட்டாங்க. படகு ரெண்டு இருக்கு. ஏறுறதுக்கு ஆளு நான் ஒருத்தன்தான் மிச்சம்.”



திரும்பும்போது தஞ்சாவூரைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார்கள். சகாயராஜ் தண்ணீர் வாங்கி முகம் கழுவப் போனான். வெள்ளியங்கிரி கண்ணாடி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, “அந்த இரும்பு ஆகாதுங்க தங்கவேலு” என்றார்.

“ஆமாங்க, ஓட்டை தெரியுது.”

“அதச் சொல்லுங்க. ஓட்டை தெரியற படகை வாங்குனா கமிஷனரு என்ன நெனைப்பாங்க? பாத்தா படகாட்டம் இருக்கோணும். மேல ஏறி நடுவால போறதுக்குள்ள தண்ணி உள்ள வந்துரோணும். ஆளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது, பாவம். திரும்பிக் கரைக்கு வந்தறோணும். ‘நாங்க வாங்கிப் பாத்தமுங்க, இந்தத் தண்ணில படகு நிக்கறதில்லீங்க’ன்னு எழுதிக் குடுத்தா, மறுபடி படிக்கட்டுதான்.” அவள் பக்கம் திரும்பினார். “நீ நாலையும் நல்லாத் தட்டிப் பாத்தியே கண்ணு. எது ரொம்ப மோசம்னு கரெக்டா எழுதிரு. உனக்கு வெளங்குச்சுல்ல?”

இத்தனையும் அவர் குரலைத் தணிக்காமலே சொன்னார். டீக்கடைக்காரனுக்கும் கேட்டிருக்கும். அவளிடம் மறைக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மூன்று வருஷமாகப் படிக்கட்டுத் தண்ணீரை அளந்து எழுதுகிற பெண்ணிடம் எதை மறைப்பது? கமிட்டியில் விஷயம் புரியாமல் இருந்த ஒரே ஆள் தான்தான் என்பது அன்புசெல்விக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது உறைத்தது. ஊறுகாய் பாட்டில்களை நினைத்துக்கொண்டாள்.

“வெளங்குச்சுங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். முதலில் உள்ளதை உள்ளபடி எழுதிப் பார்த்தாள். நீலப் படகு அழுகல் என்று எழுதினால் அதைத்தான் வாங்குவார்கள். வெளியே பளபளப்பு, உள்ளே ஓட்டை, தலைவர் கேட்டபடி அச்சாகச் செய்தது மாதிரி. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டாள். வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசித்தாள். விட்டால் வேறொரு எம்.எஸ்ஸி. வருவாள், அவளுக்கும் தங்கவேலு படிக்கட்டைக் காட்டுவார். பிறகு இன்னொரு தாளை எடுத்தாள். ஒரு பொய்கூட எழுதக் கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டு எழுதினாள்.

மரப்படகு: ‘பாரம்பரிய முறையில் கட்டியது. பருத்தி அடைப்பு. தண்ணீரில் ஊறினால் பலகை உப்பி இடுக்குகள் அடைபடும் தன்மை மரத்துக்கு உண்டு.’ இரும்பு: ‘கனமான பெயின்ட். பூங்காவில் குழந்தைகளை ஏற்றி ஓடிய அனுபவம் உள்ளது.’ நீலப் படகு: ‘மேற்பூச்சு புத்தம் புதிது. அழுத்தினால் வளைந்து கொடுக்கிறது.’ கடைசியாக நாலாவது: ‘பெயின்ட் முழுவதும் போய்விட்டது. அடிப்பாகம் நெடுகக் கீறல்கள். பாறையில் மோதி உடைந்த இடத்தில் ஒட்டுப் போடப்பட்டுள்ளது. கடலில் கடுமையாக உழைத்த படகு. இதில் போட்டிருக்கும் இழைத்துணி 450 ஜிஎஸ்எம் மட்டுமே.’

அந்த ‘மட்டுமே’ அவளைக் கொஞ்ச நேரம் உறுத்தியது. 450-க்கு மேல் இல்லை, ஆகவே மட்டுமேதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். எத்தனை அடுக்கு என்று எழுதவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை வெள்ளியங்கிரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். முதல் மூன்றைப் படிக்கும்போது உதட்டைப் பிதுக்கினார். “மரம் ஊறுனா அடைச்சுக்குமாம். போச்சாது. நீலம் வளைஞ்சு குடுக்குதாம், அப்ப ஒடையாது.” நாலாவதுக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நானூத்தம்பது ஜிஎஸ்எம்மா?”

“ஆமாங்க.”

“ஏனுங்க தங்கவேலு, குளிருக்குப் போடற பனியனே நம்ம முன்னூத்தி இருவதுல போடறோம். கடல்ல போற படகுக்கு நானூத்தம்பதுங்கறானே. ஒண்ணரைச் சொட்டரு கனம்கூட இல்லீங்களே!”

“நனைஞ்சா பிஞ்சுருமுங்க” என்றார் தங்கவேலு.

“துணியப் பத்தி எங்கிட்ட ஒருத்தன் சொல்ல வேண்டியதில்ல. இதே போதும். பெயின்ட் நம்ம அடிச்சுக்கலாம்.” அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “அருமையா எழுதியிருக்கே கண்ணு. நீ பெரிய ஆளா வருவே.”

படகு லாரியில் வந்தது. சங்கத்தின் பெயரைப் பெரிதாக எழுதிப் பச்சை பெயின்ட் அடித்தார்கள். சுற்றுச்சூழலுக்குப் பச்சைதான் பொருத்தம் என்று தலைவர் சொன்னாராம்.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை காலை. கமிஷனராக வந்த வக்கீல் சித்ராதேவி மதுரைக்காரர், நறுக்கென்று பேசுகிறவர். வெள்ளியங்கிரி ஒன்றுக்கு மூன்று போட்டோகிராபரை ஏற்பாடு செய்திருந்தார். தோல்வி எல்லாக் கோணத்திலும் பதிவாக வேண்டும் அல்லவா? படகுக்குப் பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, தண்ணீரில் தள்ளினார்கள். துடுப்புப் போட சகாயராஜ். அவனைவிட்டால் கடல் பக்கத்து ஆள் யார் இருக்கிறார்கள்? அன்புசெல்வி பாட்டில் பெட்டியோடு ஏறினாள். வக்கீலும் ஏறினார்.

“தலைவர் வரலையா?” என்று கேட்டார் சித்ராதேவி.

“எனக்குத் தண்ணின்னா கொஞ்சம் ஆகாதுங்க” என்றார் வெள்ளியங்கிரி. அந்தத் தண்ணீரைப் பொறுத்தவரை அது உண்மை.

சகாயராஜ் துடுப்பைப் போட்டான். படகு வட்டமாகச் சுற்றியது. இன்னொரு பக்கம் போட்டான். எதிர்வட்டம் சுற்றியது. “மாதாவே” என்றான். இரண்டு மூன்று தடவை கரைக்கு முகமும் முதுகும் காட்டி முடித்ததும் ஒருவழியாகப் பிடிபட்டு, படகு கோணல்மாணலாக நடுவே நகர்ந்தது. அன்புசெல்வி காலடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் உள்ளூரப் பயம்தான். நாணயத்தை வைத்துத் தட்டியது அவளுடைய காதை நம்பி. இன்று ஏறியிருப்பதோ மூன்று உயிர். அடித்தட்டு காய்ந்து கிடந்தது. நடு அணைக்கு வந்தும் காய்ந்தே கிடந்தது.

கரையில் தங்கவேலு கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். “நின்னுருச்சுங்க!”

“நின்னுருச்சா?” வெள்ளியங்கிரி செருப்பைக் கழற்றிவிட்டு மதகின் மேலேயே ஏறிவிட்டார். “போட்டோ எடுப்பா, எடு எடு.”

படகு நின்றது பாட்டிலை இறக்குவதற்கு. கல் கட்டிய கயிறு அடிவரை போய்க் கறுப்பாக நிரம்பி மேலே வந்தது. நாற்றத்தில் வக்கீல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அடுத்த இடம், அதற்கடுத்த இடம். ஒன்றரை மணி நேரம் கழித்து ஆறு பாட்டிலோடு படகு கரைக்கு வந்தது. சகாயராஜின் பேன்ட் தொடைவரை நனைந்திருந்தது. தங்கவேலு ஆவலாக ஓடிவந்து, “தண்ணி உள்ள வந்துச்சா?” என்று கேட்டார்.

“இல்ல சார். துடுப்புல தெறிச்சது.”

சித்ராதேவி இறங்கியதும் நேராக வெள்ளியங்கிரியிடம் வந்தார். “சார், உங்களைப் பத்தி நான் தப்பா நெனச்சிட்டேன். ஏதோ ஓட்டைப் படகை வாங்கிக் கணக்குக் காட்டுவாங்கன்னுதான் எதிர்பார்த்து வந்தேன். இவ்வளவு உறுதியான படகைத் தேடிப் பிடிச்சு வாங்கியிருக்கீங்க. கோர்ட்ல இதை நான் கண்டிப்பா எழுதுவேன்.”

மூன்று போட்டோகிராபர்களும் பளிச் பளிச்சென்று எடுத்தார்கள். வெள்ளியங்கிரி கேமராப் பக்கம் திரும்பினார்.

“அது… நானேதானுங்க பாத்து எடுத்தேன். நானூத்தம்பது ஜிஎஸ்எம்முங்க. நமக்குத் துணி அத்துபடி.”

மறுநாள் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் அவள் எழுதிய அறிக்கை. பக்கத்தில் அவர் படகோடு நிற்கிற படம் போட்ட பேப்பர். ‘முன்மாதிரிச் சங்கம்’ என்று தலைப்பு. தங்கவேலு கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன கண்ணு இப்படிப் பண்ணிப்போட்டே?”

“என்னங்க பண்ணினேன்?”

“நாலாவது மோசம்னு எழுதியிருக்கே.”

“மோசம்னு எழுதலீங்க. பெயின்ட் இல்லைன்னு எழுதினேன். கீறல் இருக்குதுன்னு எழுதினேன். ஒட்டு இருக்குதுன்னு எழுதினேன். இதுல எது பொய்ங்க?”

அவர் மறுபடி தாளைப் படித்தார். பொய் எதுவும் அகப்படவில்லை. அவளை வேலையைவிட்டு நிறுத்தலாம். ஏன் நிறுத்தினீர்கள் என்று யாராவது கேட்டால்? நல்ல படகு வாங்கவைத்துவிட்டாள் என்றா சொல்வது? அதுவும் அந்தப் படகைத் தானே தேர்ந்தெடுத்ததாகப் பேப்பரில் போட்டோவோடு வந்த பிறகு? அன்புசெல்வி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நின்றாள். மூன்று வருஷம் அந்த அறையில் நின்றதில் அன்றைக்குத்தான் அவரை நேராகப் பார்த்தாள்.

வெள்ளியங்கிரியும் அவளைப் பார்த்தார். பிறகு பேப்பரைப் பார்த்தார். படத்தில் நன்றாகத்தான் விழுந்திருந்தார்.

“சரி, போ. சோலியப் பாரு” என்றார்.

ஆறு பாட்டில்களின் அளவும் தயாரானது. படிக்கட்டுத் தண்ணீரைவிட நடு அணையில் உப்பு பதினோரு மடங்கு. அடிமட்டத்தில் அதற்கும் மேலே. அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு நகலை நேராகச் சித்ராதேவிக்கே தபாலில் அனுப்பினாள். கோர்ட்டில் சங்கத்தின் வக்கீல் எழுந்து, தண்ணீர் எடுத்த பாட்டில் பிளாஸ்டிக், பிளாஸ்டிக்கிலிருந்தே உப்பு கரைந்து வந்திருக்கக் கூடும் என்றார். வழக்கு மூன்று வாரம் தள்ளிப்போனது. பிளாஸ்டிக் பாட்டிலா, கண்ணாடி பாட்டிலா, எவர்சில்வரா என்று ஆராய சங்கம் ஒரு கமிட்டி போட்டது. தலைவர் வெள்ளியங்கிரி, செயலாளர் தங்கவேலு. தொழில்நுட்பத்துக்கு இந்தத் தடவை ஆள் போடவில்லை.

ஆனாலும் கோர்ட் உத்தரவு உத்தரவுதான். ஐப்பசியில் மறுபடி படகை இறக்கினார்கள். இப்போது சகாயராஜ் நேராகவே போட்டான், ஊரில் எல்லாரும் அவனைக் ‘கப்பல்காரரே’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மூன்றாவது இடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கும்போது எதிர்க்கரையிலிருந்து யாரோ கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள். படகை விட்டார்கள். கரையில் அறுபது வயசுப் பெண் ஒருத்தி, பெரியாத்தாள் என்று பெயர் சொன்னாள், கோர்ட்டுக்குப் போன விவசாயிகளில் ஒருத்தி. கையில் மூடி போட்ட தூக்குப்போசி.

“ஏங்கண்ணு, தண்ணி பாக்கற புள்ள நீதானா? இது எங்க கெணத்துத் தண்ணி. இதையும் பாத்துச் சொல்லு.”

அன்புசெல்வியிடம் உப்பு பார்க்கும் கையடக்க மீட்டர் இருந்தது. போசியில் முக்கினாள். எண் ஏறிக்கொண்டே போய் நாலு இலக்கத்தில் நின்றது.

“நெறையவா, கொறைச்சலா?”

“நெறையங்க ஆத்தா.”

“அது என்ற நாக்குக்கே தெரியுது. மாடுகூட மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது.” பெரியாத்தாள் இடுப்பிலிருந்து நாலாக மடித்த வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். “நீ எழுதிக் குடு. கையெழுத்துப் போட்டுக் குடு.”

அன்புசெல்வி படகின் விளிம்பில் தாளை வைத்து, தேதி, இடம், கிணற்றின் ஆழம் எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினாள். எண்ணை எழுதி, அதை எழுத்தாலும் எழுதினாள். பெரியாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தும் தாளைத் தலைகீழாகப் பிடித்து ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு மடித்துக்கொண்டாள்.

“அடுத்த மாசம் வருவியல்ல? பக்கத்துத் தோட்டத்துக்காரங்களும் கொண்டாரேங்கறாங்க.”

“வருவேனுங்க” என்றாள் அன்புசெல்வி. சகாயராஜ் துடுப்பால் கரையை உந்தித் தள்ளினான்.